ஆங்கில வாக்கியத்தில் பிழை கண்டுபிடிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி தேர்வர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு ஸ்பாட்டிங் எரர்ஸ் கேள்வியை, அதாவது வாக்கியத்தைப் பகுதிகளாகப் பிரித்து எந்தப் பகுதியில் பிழை என்று கேட்கிற கேள்வியை (பிழையே இல்லாவிட்டால் விடை "நோ எரர்"), கொடுத்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை வாசிப்பார்கள். எந்த இடம் இடறுகிறதோ அந்தப் பகுதியை டிக் அடிப்பார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காது கேட்டுக் கேட்டுப் பழகியது. நாம் கேட்டு வளர்ந்த ஆங்கிலம் தமிழ் இலக்கணத்தின் மேல் எழுந்து நிற்கிற ஆங்கிலம். "டிஸ்கஸ் அபௌட்" என்பதைக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் தினமும் கேட்கிறோம். அது தவறு என்று நம் காது எப்படிச் சொல்லும்? கேள்வி தயாரிப்பவர்களும் இப்படிப்பட்ட, காதுக்குப் பழகிப்போன இடங்களாகப் பார்த்துத்தான் பிழையை வைக்கிறார்கள்.

அதனால் காதுக்குப் பதிலாக ஒரு வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள். எந்த வாக்கியம் வந்தாலும் முதலில் வினையும் அதன் எழுவாயும், அடுத்து காலம், அப்புறம் பெயர்ச்சொல்லும் ஆர்ட்டிக்கிளும் ("எ", "அன்", "தி"), அதன் பிறகு ப்ரிபொசிஷன் ("இன்", "ஆன்", "அட்" போன்றவை), அடுத்து ஜோடிச் சொற்கள், கடைசியில் சொல் வரிசை என ஆறு படிகள். பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம். அதாவது கேள்விக்கு 36 வினாடி. அதில் ஆங்கிலம் 25 கேள்வி. சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு 0.50 கழிப்பார்கள். குத்துமதிப்பாக டிக் அடிக்கிற தேர்வு இல்லை இது.

உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒரு நோட்டில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள், நன்றாக மனசில் பதியும்.

முதல் படி: வினையைப் பிடியுங்கள், அதன் எழுவாயைத் தேடுங்கள்

பிழைகளில் மிகப் பெரிய கூட்டம் இங்கேதான் இருக்கிறது. அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

தி குவாலிட்டி ஆஃப் தி கேஷ்யூ நட்ஸ் / சோல்ட் இன் தி ஷாப்ஸ் ஆன் தி பண்ருட்டி ரோட் / ஹேவ் இம்ப்ரூவ்ட் எ லாட் / நோ எரர்.

வாசித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. "நட்ஸ்", "ஷாப்ஸ்" என்று இரண்டு பன்மைகள் வரிசையாக வந்ததும் "ஹேவ்" பொருத்தமாகவே ஒலிக்கிறது. இப்போது பென்சிலை எடுங்கள். வினை எது? "ஹேவ் இம்ப்ரூவ்ட்". அதன் கீழ் கோடு போடுங்கள். அடுத்து தமிழில் ஒரு கேள்வி கேளுங்கள்: எது உயர்ந்திருக்கிறது? முந்திரியா, கடையா, சாலையா? இல்லை, தரம். "குவாலிட்டி" மேல் வட்டம் போடுங்கள். "ஆஃப்" தொடங்கி "ரோட்" வரை எல்லாவற்றையும் அடைப்புக்குள் தள்ளுங்கள். மிச்சம் இருப்பது "தி குவாலிட்டி ஹேவ் இம்ப்ரூவ்ட்". இனிமேல் பிழை தானே தெரியும். "ஹேஸ்" வர வேண்டும். விடை மூன்றாம் பகுதி.

இதில் நாம் ஏன் இத்தனை தடவை சறுக்குகிறோம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள்: "பண்ருட்டி சாலைக் கடைகளில் விற்கிற முந்திரிப் பருப்பின் தரம் உயர்ந்திருக்கிறது." எழுவாயான "தரம்" வினைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வந்துவிடும், அதன் அடைமொழியெல்லாம் பின்னால் நீளும், வினை வருவதற்குள் எழுவாய் மறந்தே போகும். ஆகவே வினைக்குப் பக்கத்தில் நிற்கிற பெயரை நம்பாதீர்கள். தமிழில் "எது? யார்?" என்று கேட்டு வருகிற விடையை நம்புங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமை, பன்மை வித்தியாசம் வினையில் வருவதே இல்லை. "பஸ் வருது" என்கிறோம், "நாலு பஸ் வருது" என்றும் சொல்கிறோம். எழுத்தில் "வருகின்றன" என்று போட்டாலும் வாயில் அது கிடையாது. அதனால் எழுவாய் ஆளாக இல்லாமல் பொருளாக இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

இதே படியில் திரும்பத் திரும்ப வருகிற சில வகைகள்:

"தி கலெக்டர், அலாங் வித் தி ஆஃபீஸர்ஸ், வெர் ப்ரெஸென்ட்" என்பதில் எழுவாய் கலெக்டர் மட்டும். "வாஸ்" வர வேண்டும். "ஆஸ் வெல் ஆஸ்", "டுகெதர் வித்" வந்தாலும் இதே கதைதான்.

"தி நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ் இன் புதுச்சேரி ஆர் இன்க்ரீஸிங்" தவறு. கூடுவது எண்ணிக்கை, ஆகவே "இஸ்". ஆனால் "எ நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ்" என்று தொடங்கினால் அது "பல பயணிகள்" என்ற பொருள், அதற்கு "ஆர்" சரி. ஒரே ஒரு ஆர்ட்டிக்கிள் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

"ஒன் ஆஃப் தி போட் வாஸ் டேமேஜ்ட்" என்பதில் வினை சரி, பெயர் தவறு. பலவற்றில் ஒன்று என்பதால் "போட்ஸ்" வேண்டும். "இரண்டு படகு", "நாலு மாடு" என்று தமிழில் ஒருமையிலேயே சொல்லிப் பழகியதால் இந்த "எஸ்" நம் கண்ணில் படாது. இதன் அண்ணன் ஒன்று இருக்கிறது: "ஷி இஸ் ஒன் ஆஃப் தி ஸ்டூடென்ட்ஸ் ஹூ ஹேஸ் க்ளியர்ட் தி எக்ஸாம்." இங்கே "ஹூ" குறிப்பது மாணவர்களை. தேர்வில் பாஸான மாணவர்கள் பலர், அவர்களில் இவள் ஒருத்தி. எனவே "ஹேவ்".

"நெய்தர்... நார்", "ஐதர்... ஆர்" வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருக்கிற எழுவாயைப் பாருங்கள். "ஈச்", "எவ்ரி" ஒருமை. தூரமும் தொகையும் மொத்தமாக ஒன்றாகக் கருதப்பட்டால் ஒருமை: "ட்வென்டி கிலோமீட்டர்ஸ் இஸ் நாட் எ லாங் டிஸ்டன்ஸ்." "தி போலீஸ்" எப்போதும் பன்மை.

இரண்டாம் படி: காலம்

எழுவாய் சரியாக இருந்தால் வினையிலேயே நின்று "எப்போது?" என்று கேளுங்கள்.

"ஐ ஆம் லிவிங் இன் திருப்பாதிரிப்புலியூர் ஃபார் டென் இயர்ஸ்." தமிழில் "பத்து வருஷமா இருக்கேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் அதை ஏற்காது. முன்பு தொடங்கி இன்னும் தொடர்கிற செயலுக்கு "ஹேவ் பீன் லிவிங்" வேண்டும். கூடவே "சின்ஸ்", "ஃபார்" இரண்டையும் பாருங்கள். தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்", கடந்த நீளத்துக்கு "ஃபார்". "சின்ஸ் 2015", "ஃபார் டென் இயர்ஸ்". தமிழில் "லேர்ந்து" சொல்ல முடிந்தால் "சின்ஸ்", "வருஷமா, மாசமா" என்று வந்தால் "ஃபார்".

அடுத்தது முடிந்துபோன ஆண்டு. "தி இங்கிலீஷ் ஹேவ் பாட் ஃபோர்ட் செயின்ட் டேவிட் இன் 1690." தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது 1690-இல் என்பது வரலாறு. ஆண்டு குறிப்பிட்டு முடிந்துவிட்டது, ஆகவே "ஹேவ்" போக வேண்டும், "பாட்" மட்டும் போதும். "தி ஃப்ரெஞ்ச் ஹேவ் ஹேண்டட் ஓவர் புதுச்சேரி இன் 1954" என்பதும் இதே பிழைதான். வாக்கியத்தில் ஆண்டு, "யெஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "எகோ" ஏதாவது தென்பட்டால் உடனே "ஹேவ்", "ஹேஸ்" இருக்கிறதா என்று தேடுங்கள்.

கடந்த காலத்தில் இரண்டு செயல்கள் இருந்தால் எது முந்தியது என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதை வைத்தே ஒரு வாக்கியம்: "வென் தி சைக்ளோன் க்ராஸ்ட் தி கோஸ்ட், தி ஃபிஷர்மென் ஆல்ரெடி ரிட்டர்ன்ட்." மீனவர்கள் திரும்பியது முதலில், புயல் கரை கடந்தது பிறகு. முந்தியதற்கு "ஹேட்" வேண்டும்: "ஹேட் ஆல்ரெடி ரிட்டர்ன்ட்".

"இஃப் இட் வில் ரெயின் டுமாரோ, வீ வில் நாட் கோ டு சில்வர் பீச்." நாளைய விஷயம் என்பதால் "வில்" கைக்கு வந்துவிடுகிறது. இங்கே தமிழ் நமக்கு நேரடியாக உதவும். "மழை பெய்தால்" என்று சொல்ல முடிகிற இடத்தில் "வில்" வராது, "இஃப் இட் ரெயின்ஸ்" சரி. "அவர் வருவாரா என்று தெரியவில்லை" என்ற பொருளில் வந்தால் "ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்" சரி. "-ஆல்" வருகிறதா, "-ஆ என்று" வருகிறதா என்று பார்த்தால் போதும். "வென்", "அண்டில்", "ஆஸ் சூன் ஆஸ்" நேரத்தைக் குறித்து வந்தாலும் பின்னால் "வில்" கூடாது.

"டிட் நாட்" வந்தால் பின்னால் வினை மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதையும், "லுக் ஃபார்வர்ட் டு" வந்தால் பின்னால் "மீட்டிங்" போல "ஐஎன்ஜி" வேண்டும் என்பதையும் ஒரு நொடியில் சரிபார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: பெயர்ச்சொல்லும் ஆர்ட்டிக்கிளும்

தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று பன்மை போடலாம். ஆங்கிலத்தில் "இன்ஃபர்மேஷன்", "அட்வைஸ்", "ஃபர்னிச்சர்", "லக்கேஜ்", "எக்விப்மென்ட்", "மெஷினரி", "சீனரி" ஆகியவற்றுக்கு "எஸ்" சேர்க்கக் கூடாது, வினையும் ஒருமையில்தான் வரும். "தி மெஷினரி அட் தி நெய்வேலி மைன்ஸ் ஆர் ஹ்யூஜ்" என்றால் "ஆர்" தவறு. "நியூஸ்" பார்ப்பதற்குப் பன்மை மாதிரி இருந்தாலும் ஒருமை.

"எ" வருமா "அன்" வருமா என்ற குழப்பத்துக்கு நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. அடுத்து வருகிற சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தா? "அன்" போடுங்கள். மெய்யோ உயிர்மெய்யோ வருகிறதா? "எ" போடுங்கள். எம்எல்ஏ, எஃப்ஐஆர், எஸ்ஐ, ஏடிஎம், அவர் எனும் மணி நேரம், எல்லாம் உயிரில் தொடங்குகின்றன, ஆகவே "அன்". யூனிவர்சிட்டி, யூரோப்பியன், யூபிஎஸ்சி எல்லாம் "யூ" என்ற உயிர்மெய்யில் தொடங்குகின்றன, ஆகவே "எ". ஆங்கில எழுத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம், ஒலிதான் கணக்கு. தமிழ் எழுத்து அந்த ஒலியை அப்படியே காட்டிவிடுகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: "ஒன்" என்று நாம் எழுதினாலும் ஆங்கிலத்தில் அதன் உச்சரிப்பு "வன்". அதனால் "எ ஒன்-வே ஸ்ட்ரீட்" தான் சரி. புதுச்சேரியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த உதாரணம் மறக்காது.

"தி" பற்றி நிறைய விதிகள் புத்தகங்களில் இருக்கின்றன. அடிக்கடி கேட்பது இவைதான்: ஆறு, கடல், விரிகுடா பெயர்களுக்கு "தி" வேண்டும். "தி கெடிலம்", "தி பே ஆஃப் பெங்கால்". ஊர்ப் பெயருக்கு வேண்டாம். "ஹீ கேம் டு தி கடலூர்" தவறு. ஆனால் "தி யூனியன் டெரிட்டரி ஆஃப் புதுச்சேரி" சரி. "பெஸ்ட்", "டாலஸ்ட்" போன்றவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அதற்கும் முன்னால் "தி" இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: ப்ரிபொசிஷன்

நம் வேற்றுமை உருபுகள் ஆங்கிலத்துக்குள் நுழைகிற இடம் இது. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதால் "டிஸ்கஸ்ட் அபௌட்". "கடலூருக்குப் போய்ச் சேர்ந்தோம்" என்பதால் "ரீச்ட் டு கடலூர்". "கணக்கில் கெட்டிக்காரி" என்பதால் "குட் இன் மேத்ஸ்". முதல் இரண்டிலும் ப்ரிபொசிஷனே வேண்டாம், மூன்றாவதில் "அட்" வேண்டும். "மேரீட் வித்" அல்ல, "மேரீட் டு". புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு பகுதிகள் சேர்ந்தது நம் பக்கத்து யூனியன் பிரதேசம். அதை "கம்ப்ரைசஸ் ஆஃப் ஃபோர் ரீஜன்ஸ்" என்று எழுதினால் தவறு. "கம்ப்ரைசஸ் ஃபோர் ரீஜன்ஸ்" சரி.

"சீனியர்", "ஜூனியர்", "சுப்பீரியர்", "இன்ஃபீரியர்", "ப்ரிஃபர்" வந்தால் "தேன்" வராது, "டு" தான். தேதிக்கு "ஆன்", ஆண்டுக்கு "இன்": ஆரோவில் தொடங்கப்பட்டது "ஆன் 28 பிப்ரவரி 1968", ஆண்டை மட்டும் சொன்னால் "இன் 1968".

முந்நூறு ப்ரிபொசிஷன் பட்டியலை ஒரே நாளில் மனப்பாடம் செய்யாதீர்கள். பரீட்சை அறையில் அது ஒன்றோடொன்று கலந்துவிடும். வினையோடு சேர்த்து, ஒரு முழு வாக்கியமாக எழுதி வைத்தால்தான் நிற்கும்.

ஐந்தாம் படி: ஜோடிகள்

இது வேகமாக முடிகிற படி. "ஆல்தோ" வந்தால் பின்னால் "பட்" கூடாது. "நோ சூனர்" வந்தால் "தேன்", "ஹார்ட்லி", "ஸ்கேர்ஸ்லி" வந்தால் "வென்". "பிட்வீன்" வந்தால் "அண்ட்". "லெஸ்ட்" வந்தால் "ஷுட்", கூடவே "நாட்" வராது. "அன்லெஸ்" உள்ளேயே எதிர்மறை இருப்பதால் அந்தப் பகுதியில் இன்னொரு "நாட்" தேவையில்லை. "மோர் பெட்டர்", "ரிட்டர்ன் பேக்", "ரிப்பீட் அகெய்ன்" மூன்றிலும் ஒரு சொல் அதிகம்.

ஆறாம் படி: சொல் வரிசை

"ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி போஸ்ட் ஆஃபீஸ்." கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் அது கேள்வியாக நிற்காது. "வேர் தி போஸ்ட் ஆஃபீஸ் இஸ்" என்று வர வேண்டும். அதேபோல் "ஹீ கேம் யெஸ்டர்டே, இஸின்ட் இட்?" என்பது நம் "இல்லையா?"வை அப்படியே ஒட்ட வைத்தது. வினை எதுவோ அதே வகை வால் வேண்டும்: "டிடின்ட் ஹீ?"

"வாக்கிங் ஆன் தி பீச் ரோட், தி லைட்ஹவுஸ் லுக்ட் ப்யூட்டிஃபுல்" என்ற வகையைப் பலரும் நோ எரர் என்று போட்டுவிடுகிறார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்தது யார்? வாக்கியத்தின்படி கலங்கரை விளக்கம் நடந்திருக்கிறது. தமிழ் வினையெச்சத்தை வைத்துச் சோதியுங்கள்: "கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே கலங்கரை விளக்கம் அழகாகத் தெரிந்தது." உடனே உறுத்துகிறது அல்லவா? எச்சத்தைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும் என்ற நம் இலக்கண உணர்வு இங்கே சரியாக வேலை செய்யும். "வாக்கிங் ஆன் தி பீச் ரோட், வீ ஃபவுண்ட் தி லைட்ஹவுஸ் ப்யூட்டிஃபுல்" என்றால் சரி.

நோ எரர் போடத் தைரியம் வேண்டும்

ஆறு படியும் முடிந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நோ எரர் போட்டுவிட்டு நகருங்கள். பிழை இருந்தே தீரும் என்ற பயத்தில் நல்ல பகுதியைக் குற்றவாளி ஆக்குவதால்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது. குறிப்பாக, தவறு மாதிரி தெரிகிற சில சரியான தொடர்களை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: "ஐ விஷ் ஐ வெர் தேர்", "இட் இஸ் ஹை டைம் வீ லெஃப்ட்", "மெனி எ ஸ்டூடென்ட் ஹேஸ் ஃபெயில்ட்", "ஐ சஜெஸ்டெட் தட் ஹீ கோ". இந்த நான்கும் சரி. "ஹை டைம்" பின்னால் இறந்தகாலம் வருவது விதி.

பயிற்சி எப்படி?

மாக் டெஸ்ட் எழுதி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதில் பயன் இல்லை. தவறவிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் எந்தப் படியில் நழுவியது என்று குறியுங்கள். கொஞ்ச நாளில் உங்கள் பலவீனம் எது என்று நோட்டே சொல்லிவிடும். சிலருக்கு எல்லாம் எழுவாயில் போகும், சிலருக்கு ஆர்ட்டிக்கிளில். எல்லா விதியையும் சமமாகப் படிப்பதைவிட அந்த ஒரு படியில் உட்காருவது நல்லது.

ஆங்கிலச் செய்தித்தாளில் தினம் ஒரு பத்தி போதும். வினையெல்லாம் கோடு போட்டு எழுவாயோடு இணையுங்கள். கடலூர் புதுச்சேரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அந்தப் பயணத்திலேயே இது முடிந்துவிடும். காசு கொடுத்துப் பேப்பர் வாங்க முடியாதவர்கள் நூலகத்துக்குப் போங்கள். புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது.

இப்போது இந்த ஏழு வாக்கியங்களையும் வரிசை மாறாமல் சோதியுங்கள். விடையைப் பார்க்காமல் முயலுங்கள்.

1. தி ஸ்மெல் ஆஃப் தி ட்ரைட் ஃபிஷ் / ஃப்ரம் தி போட்ஸ் அட் தி ஹார்பர் / வெர் வெரி ஸ்ட்ராங் / நோ எரர்.
2. மை பிரதர் ஹேஸ் பீன் வொர்க்கிங் / இன் நெய்வேலி / சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ் / நோ எரர்.
3. ஷி இஸ் எ எம்பிபிஎஸ் ஸ்டூடென்ட் / அட் எ யூனிவர்சிட்டி / இன் புதுச்சேரி / நோ எரர்.
4. வென் தி மினிஸ்டர் வில் அரைவ், / தி பேண்ட் வில் ஸ்டார்ட் / ப்ளேயிங் / நோ எரர்.
5. இட் இஸ் ஹை டைம் / வீ டோல்ட் அவர் பேரண்ட்ஸ் / அபௌட் தி ரிசல்ட் / நோ எரர்.
6. ஹீ ஆஸ்க்ட் மீ / வேர் வாஸ் தி பஸ் ஸ்டாண்ட் / அண்ட் ஹவ் டு கெட் தேர் / நோ எரர்.
7. நெய்தர் தி டிரைவர் / நார் தி பாஸெஞ்சர்ஸ் / வாஸ் இன்ஜர்ட் / நோ எரர்.

விடைகள்: ஒன்றில் மூன்றாம் பகுதி, எழுவாய் "ஸ்மெல்", ஆகவே "வாஸ்". இரண்டில் மூன்றாம் பகுதி, நீளம் என்பதால் "ஃபார்". மூன்றில் முதல் பகுதி, எம்பிபிஎஸ் உயிரில் தொடங்குகிறது, "அன்" வேண்டும். நான்கில் முதல் பகுதி, "அரைவ்ஸ்". ஐந்து நோ எரர். ஆறில் இரண்டாம் பகுதி, "வேர் தி பஸ் ஸ்டாண்ட் வாஸ்". ஏழில் மூன்றாம் பகுதி, வினைக்குப் பக்கத்தில் இருப்பது "பாஸெஞ்சர்ஸ்", ஆகவே "வெர்".